ஆர்.ஓ. மெஷின் வாங்கியாச்சா? குழாயோடு இணைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் குழாய் வேலையா என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதத்தில் பாட்டுக் கேட்டாகி விட்டது, கேம்ஸ் ஆடியாகி விட்டது, வெளியூர் உறவினர்களுக்கு இ-மெயிலும் அனுப்பியாகி விட்டது. "இவ்வளவு பணம் போட்டு வாங்கினீங்களே, இதனால வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வி சமையலறையில் இருந்து வரும் நேரம் இது. மதுரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், தண்ணீர்க் கணக்கு. ஆர்.ஓ. மெஷினை வீட்டுக் குழாயில் இணைக்கும் வேலையில் பெயின்ட் புரோகிராமும் ஓர் ஒர்க்ஷீட்டும் எப்படிக் கை கொடுக்கும் என்று பார்ப்போம்.

முதலில் நம் ஊர்த் தண்ணீர். மதுரை வீடுகளில் பெரும்பாலும் இரண்டு விதத் தண்ணீர் உண்டு. ஒன்று மாநகராட்சிக் குழாயில் வரும் 'நல்ல தண்ணீர்'. 1959ல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர், பண்ணைப்பட்டியில் சுத்திகரிக்கப்பட்டு நகருக்கு வருகிறது. இது போதாமல்தான் முல்லைப் பெரியாறு நீரை லோயர் கேம்பில் இருந்து நேரடியாகக் குழாயில் கொண்டுவரும் திட்டத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாவது, போரில் இருந்து மோட்டார் ஏற்றித் தரும் 'உப்புத் தண்ணீர்'. யானைமலை, நாகமலை, திருப்பரங்குன்றம் என்று ஊரைச் சுற்றிப் பாறையாக நிற்கிறதல்லவா? நம் காலுக்கடியிலும் அதே மாதிரி பாறைதான். பாறை வெடிப்புகளில் தேங்கி நிற்கும் நீர், கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சோப்பு நுரைக்காமல் திரிவதும் இதனால்தான்.

நல்ல தண்ணீர் தரைத்தொட்டியிலும், உப்புத் தண்ணீர் மாடித்தொட்டியிலும் தனித்தனியாக இருக்கும் வீடுகள் உண்டு. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து ஏற்றும் வீடுகளும் உண்டு. உங்கள் வீடு எந்த ரகம் என்று தெரியாமல் மெஷின் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். எந்த மதர்போர்டு என்று தெரியாமல் ராம் வாங்கப் போவதைப் போன்றது அது.

டி.டி.எஸ். என்றால் என்ன?

தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருளின் அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறார்கள். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. பேனா போன்ற சின்ன மீட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. தண்ணீரில் முக்கினால் எண்ணைக் காட்டும். அது உப்பை நேரடியாக எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதில் இருந்து உப்பின் அளவைக் கணக்கிடுகிறது. ஆகவே அதற்குக் கிருமி தெரியாது, பூச்சிக்கொல்லி தெரியாது, எந்த உப்பு என்றும் தெரியாது. 150 என்று காட்டும் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தாலும் 150 என்றுதான் காட்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012ல் திருத்தப்பட்டது) சொல்வது இது: டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் ஆதாரமே இல்லை என்றால் 2000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு இதே போல 200, 600. புளோரைடுக்கு 1, 1.5. புளோரைடை வீட்டு மீட்டரால் அறிய முடியாது. போர் தண்ணீரைக் குடிக்கப் போகிறீர்கள் என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி ஒரு முறை பரிசோதித்து விடுங்கள். மெஷினின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான்.

மீட்டரைப் போட்டுப் பார்த்தபின் ஒரு முடிவுக்கு வாருங்கள். குடிப்பதற்கு மாநகராட்சித் தண்ணீர் மட்டும்தான், அதன் அளவும் 500க்குக் கீழே என்றால் உங்களுக்கு ஆர்.ஓ. தேவையில்லை என்பது என் கட்சி. தரைத்தொட்டியைக் கழுவி மூடி வைத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்தோ, யு.வி. விளக்கு மட்டும் உள்ள மெஷினில் விட்டோ குடிக்கலாம். உப்பில்லாத தண்ணீரில் இருந்து உப்பை எடுக்க ஒரு மெஷின் எதற்கு? 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடை செய்யும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. தண்ணீர் வீணாவதுதான் காரணம்.

விற்க வருபவர் இதைச் சொல்ல மாட்டார். அவர் வேறொரு வித்தை காட்டுவார். இரண்டு டம்ளர்கள். ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். இரும்புக் கம்பிகள் உள்ள ஒரு பிளக்கை இரண்டிலும் விட்டு ஸ்விட்சைப் போடுவார். ஒரு நிமிடத்தில் உங்கள் தண்ணீர் பழுப்பாகிக் குழம்பும். ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக இருக்கும். "பார்த்தீங்களாம்மா, இதையா பிள்ளைங்களுக்குக் குடுக்குறீங்க?" என்பார். எங்கள் தெருவில் இந்த ஒரு காட்சியிலேயே மூன்று மெஷின்கள் விற்றன. உண்மையில் அந்தப் பழுப்பு, தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பியின் இரும்பு. உப்புள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் கம்பி கரைந்து துருவாக வெளிவருகிறது. உப்பு இல்லாத தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்த முறை யாராவது வந்தால், அவருடைய ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்!

800, 1000 என்று காட்டும் போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள். புறநகரில் புதிதாக வீடு கட்டிய பலரின் நிலைமை இதுதான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டரில் இன்புட், பிராசஸ், அவுட்புட் என்று படித்திருப்பீர்கள். இங்கே ஓர் இன்புட்டுக்கு இரண்டு அவுட்புட்கள். உள்ளே போகும் தண்ணீர் முதலில் நூல் பில்டரில் மண்ணை விடுகிறது. அடுத்து கார்பன் பில்டரில் குளோரினை விடுகிறது. பிறகு 24 வோல்ட் பம்ப் அதை அழுத்தி மெம்பரேனுக்குள் தள்ளுகிறது. மெம்பரேன் என்பது சுருட்டிய மெல்லிய சவ்வு. தண்ணீர் அதை ஊடுருவிப் போகும். உப்பு போகாது. போகாத உப்பைக் கழுவிக்கொண்டு மீதித் தண்ணீர் வேறொரு டியூபில் வெளியேறுகிறது. அதுதான் கழிவு நீர். குளோரின் இந்தச் சவ்வை அரித்துவிடும். கார்பன் பில்டரைக் காலாகாலத்தில் மாற்றாதவர் விலை அதிகமான மெம்பரேனைச் சீக்கிரம் மாற்ற வேண்டி வருவது இதனால்தான்.

இந்தத் தொழில்நுட்பத்தில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. 1959 வாக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், சிட்னி லோப் என்பவருடன் சேர்ந்து, நடைமுறைக்கு உதவும் முதல் ஆர்.ஓ. சவ்வை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன். 1965ல் அம்மாநிலத்தின் கோலிங்கா என்ற சிற்றூருக்கு இம்முறையில் குடிநீர் தந்தார்கள். அங்கும் பிரச்னை உப்பான நிலத்தடி நீர்தான்.

அழுத்தத்தைக் கவனியுங்கள்

மெஷினைப் பொருத்த வருபவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். பெட்டிக்குள் பம்ப் இருந்தாலும், பெட்டி வரைக்கும் தண்ணீர் ஓரளவு அழுத்தத்தோடு வந்தாக வேண்டும். பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோவாவது வேண்டும் என்று மேனுவலில் போட்டிருப்பார்கள். தண்ணீர் மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால் 0.1 கிலோ அழுத்தம் கிடைக்கும். ஆக, மெஷினுக்கு மேலே 3 மீட்டர், அதாவது 10 அடி உயரத்தில் தொட்டித் தண்ணீர் நிற்க வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டைப் பாருங்கள். ஒரே தளம், மொட்டை மாடித் தரையிலேயே சின்டெக்ஸ் தொட்டி, சமையலறைச் சுவரில் நாலரை அடி உயரத்தில் மெஷின். கூரை 10 அடி. தொட்டியின் அடிப்பாகத்துக்கும் மெஷினுக்கும் ஐந்தரை அடிதான் இடைவெளி. தொட்டித் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கும்போது அழுத்தம் 0.17 கிலோதான். தொட்டி நிரம்பியிருந்தால் ஏதோ ஓடும். பாதியாகக் குறைந்ததும் உள்ளே இருக்கும் லோ பிரஷர் ஸ்விட்ச் பம்ப்பை நிறுத்திவிடும். "காலையில ஓடுது, சாயங்காலம் ஓட மாட்டேங்குது" என்ற புகாருக்குப் பல வீடுகளில் இதுவே காரணம். மெஷின் பழுது என்று பம்ப்பை மாற்றிக் காசு கொடுத்தவர்கள் உண்டு. தொட்டியை ஐந்தடி உயர மேடையில் ஏற்றினால் பிரச்னை தீர்ந்தது. இரண்டு மாடி வீட்டில் கீழ்த்தளத்தில் மெஷினை வைப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

எதிர்மாறான ஆபத்தும் உண்டு. அபார்ட்மென்ட்களில் பிரஷர் பம்ப் வைத்துத் தண்ணீர் தருகிறார்கள். மேனுவலில் சொன்ன உச்ச அளவைத் தாண்டினால் பில்டர் கிண்ணம் விரிசல் விட்டு, நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது வீடு குளமாகும். அங்கே மெஷினுக்கு முன் பிரஷர் குறைக்கும் வால்வு ஒன்று அவசியம்.

பெயின்ட்டில் ஒரு படம்

பிளம்பர் வருவதற்கு முதல் நாள் ஸ்டார்ட் மெனுவில் பெயின்ட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கோடு, கட்டம் இரண்டும் போதும். மேலே ஒரு கட்டம் தொட்டி. அதில் இருந்து இறங்கும் கோடு குழாய். சிங்க், ஸ்விட்ச் போர்டு, சாக்கடை ஆகியவற்றைக் குறியுங்கள். நல்ல தண்ணீர்க் குழாயை நீல நிறத்திலும், உப்புத் தண்ணீரைப் பச்சையிலும், கழிவு டியூபைச் சிவப்பிலும் போடுங்கள். உயரங்களை அடிக்கணக்கில் எழுதி, சேவ் செய்து, ஒரு பிரின்ட் எடுங்கள்.

"சார், அரை மணி வேலைக்குப் படமா?" என்று எங்கள் பிளம்பர் சிரித்தார். படத்தைப் பார்த்த பிறகு, "அப்ப உப்புத் தண்ணிக் குழாயிலதான மாட்டணும்? நான் அந்தக் குழாய்னு நெனச்சேன்" என்றார். எங்கள் சிங்க்கின் மேல் இரண்டு குழாய்கள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். படம் அங்கே தன் செலவை ஈடுகட்டிவிட்டது.

புது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். சுவருக்குள் குழாய், வயர் புதைத்தபின், பூசும் முன்பாக, ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்து வைத்து போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் தனி போல்டரில் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்து டைல்ஸில் துளை போடும்போது அந்தப் போல்டரின் அருமை தெரியும்.

இணைக்கும் முறை

தொட்டிக்கு அடியில் உள்ள கேட் வால்வை மூடுங்கள். சிங்க் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடுங்கள். குழாயைத் திருகிக் கழற்றுங்கள். அந்த இடத்தில் மெஷினோடு வரும் டைவர்ட்டர் வால்வைப் பொருத்தி, அதன் முன்னால் குழாயை மறுபடி மாட்ட வேண்டும். இது 1/2 அங்குல 'டீ' போன்ற பித்தளைத் துண்டு. பக்கவாட்டில் சின்ன பால் வால்வும் 1/4 அங்குல டியூபுக்கான வாயும் இருக்கும். மரையில் டெப்லான் டேப்பை, திருகும் திசையிலேயே, பத்துச் சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்துவிடும். சி.பி.வி.சி. குழாய் வீடுகளில் ஸ்பேனரை வைத்து முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம். சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மரை விண்டுபோனால் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

வால்வில் இருந்து டியூப், வெளியே சுவரில் மாட்டும் பில்டர் கிண்ணத்துக்குப் போகிறது. அதன் தலையில் உள்ளே, வெளியே என்று அம்புக்குறி இருக்கும். மாற்றி மாட்டினால் அழுக்கு உட்பக்கத்தில் சேர்ந்து சீக்கிரம் அடைத்துவிடும். டியூபை பிளேடால் நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் கசியும். கனெக்டருக்குள் தள்ளும்போது முதலில் ஒரு தடை தெரியும். அதைத் தாண்டி இன்னும் அழுத்தினால் இரண்டாவது இடத்தில் நிற்கும். அதுவரை போக வேண்டும். பிறகு இழுத்துப் பார்த்து, பூட்டு கிளிப்பை மாட்டுங்கள். யு.எஸ்.பி. கேபிளைப் பாதி செருகினால் சிஸ்டம் எர்ரர் காட்டும். டியூபைப் பாதி செருகினால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிடுங்கிக்கொள்ளும்.

கழிவு டியூப் விஷயத்தில் மூன்று கட்டளைகள். அதற்கு வால்வு போடாதீர்கள். மடங்க விடாதீர்கள். அதன் நுனியைச் சாக்கடைத் தண்ணீருக்குள் மூழ்க விடாதீர்கள். சாக்கடைக்கும் நுனிக்கும் இரண்டு விரற்கடையாவது காற்று இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு நீர் டியூப் வழியே மேலேறும் வாய்ப்பு உண்டு.

கரன்ட்டைப் பொறுத்தவரை, கம்ப்யூட்டருக்குச் சொன்ன புத்தி இதற்கும் பொருந்தும். எர்த் உள்ள சாக்கெட், அதுவும் மெஷினுக்கு நேர் கீழே இல்லாமல் பக்கவாட்டில். வயர் சாக்கெட்டுக்குப் போகும் முன் கீழே தொங்கி ஒரு வளைவாக மேலேற வேண்டும். கசிவு ஏற்பட்டால் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. அடாப்டர் எரிந்துபோனால், பின் பொருந்துகிறது என்று லேப்டாப் அடாப்டரைச் செருகாதீர்கள். அது பெரும்பாலும் 19 வோல்ட். இதற்கு வேண்டியது 24. முதல் தொட்டி நிறையும் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒர்க்ஷீட்டில் கழிவுக் கணக்கு

எக்ஸெல் இருந்தால் அது, இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க். முதல் வரிசையில் தலைப்புகளை அடியுங்கள்: ஏ காலத்தில் தேதி, பியில் உள்ளே போகும் டி.டி.எஸ்., சியில் வெளியே வருவது, டியில் மெம்பரேன் தடுத்த சதவீதம். டி2 செல்லில் =(பி2-சி2)/பி2*100 என்று அடித்து என்டர் தட்டுங்கள் (பி, சி என்பவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). பியில் 900, சியில் 63 என்றால் 93 என்று வரும். மாதம் ஒரு முறை மீட்டரைப் போட்டுப் பார்த்து ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆறு மாதம் கழித்து சர்வீஸ் ஆள் வந்து, "மெம்பரேன் போயிருச்சு, மாத்தணும்" என்பார். நீங்கள் ஒர்க்ஷீட்டைத் திறந்து காட்டலாம். எண் 90ஐ ஒட்டி நின்றால் மெம்பரேன் நன்றாகவே இருக்கிறது. 80க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் அவர் சொல்வது சரி. ஒரு விஷயம்: மெஷினில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற திருகு இருந்தால், அது மெம்பரேனைத் தொடாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கிறது. அதை மூடிவிட்டு அளந்தால்தான் மெம்பரேனின் உண்மை நிலை தெரியும்.

அடுத்து கழிவு. ஒரு லிட்டர் பாட்டிலைக் கழிவு டியூபில் பிடியுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். சுத்தமான தண்ணீர் டியூபிலும் அதே போல. பரவலாகப் புழங்கும் 75 கேலன் மெம்பரேன் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 284 லிட்டர், அதாவது மணிக்கு 12 லிட்டர் தரும். அதற்குப் போடும் 450 மில்லி ரெஸ்ட்ரிக்டர் நிமிடத்துக்கு 450 மில்லி, மணிக்கு 27 லிட்டரை வெளியே விடும். குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லிட்டர் எடுக்கும் வீட்டில் 45 லிட்டர் கழிவு. மாதத்துக்கு 1350 லிட்டர்! வைகையில் தண்ணீர் ஓடாத கோடையில் லாரிக்காகக் குடத்தோடு காத்திருக்கும் ஊர் இது. மொட்டைச் சாக்கடையில் அதை விட எனக்கு மனம் வரவில்லை. கழிவு டியூபை நீட்டி, சமையலறைக்கு வெளியே மெஷினைவிடத் தாழ்வாக வைத்த 50 லிட்டர் டிரம்மில் விட்டிருக்கிறேன். வீடு துடைக்க, கழிப்பறைக்கு, வாசல் தெளிக்க அது போதுகிறது. செடிக்கு மட்டும் தினமும் ஊற்றாதீர்கள். உள்ளே 900 போனால் இங்கே 1250க்கு மேல் வரும். மண்ணில் உப்பு ஏறிவிடும்.

வீடு முழுவதற்கும் சாப்ட்னர் போடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அது வேறு ஜாதி மெஷின். ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ஆகவே டி.டி.எஸ். குறையாது, குடிக்க உதவாது. சோப்பு நுரைக்கும், கீசர் பிழைக்கும், அவ்வளவுதான். 25 லிட்டர் ரெசின், 500 கடினத்தன்மை என்றால் சுமார் 2500 லிட்டருக்கு ஒரு முறை நாலு கிலோ உப்புக் கரைசலை விட்டு ரெசினைப் புதுப்பிக்க வேண்டும். அந்த உப்பு கடைசியில் நம் நிலத்துக்குத்தான் போகிறது. அப்படியும் போடுவதானால், தொட்டியில் இருந்து குளியலறைக்கு இறங்கும் குழாயில் மட்டும், மூன்று வால்வு வைத்த பைபாஸோடு போடுங்கள். ரிப்பேர் வந்தால் நடு வால்வைத் திறந்து மற்ற இரண்டையும் மூடிவிட்டு வழக்கம் போலக் குளிக்கலாம்.

பில்டர் மாற்றும் தேதியை மறந்துபோகிறவர்கள் கம்ப்யூட்டர் காலண்டரில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போவதானால் டைவர்ட்டரின் பால் வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கி, மெஷின் தொட்டியைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் ஒரு தொட்டி நிறைத்துக் கொட்டிய பிறகு குடிக்க எடுங்கள்.